கலங்கல் நீரில் பவளம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர்க் கடலில் பவளம் இருக்கிறதா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. 250க்கும் மேற்பட்ட கடினப் பவள இனங்கள் இங்கே பதிவாகியிருக்கின்றன. 2024 டிசம்பரில் தேசியப் பூங்காக் கழகம் 100,000 பவளங்களை நடும் திட்டத்தைத் தொடங்கியதிலிருந்து மாணவர்கள், முக்குளிப்பவர்கள், தொண்டூழியர்கள் எனப் பலரும் இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகளும் கணிசமாக வரவேண்டும் என்பது என் ஆசை. வருபவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இது: தெளிந்த நீருக்கு எழுதிய பாடத்தை நம் கலங்கல் நீருக்கு அப்படியே கொண்டுவராதீர்கள்.

நில மீட்பும் கப்பல் போக்குவரத்தும் சேர்ந்து இங்கே நீரில் எப்போதும் வண்டலை மிதக்க வைத்திருக்கின்றன. வெளிச்சம் சில மீட்டருக்குள் மங்கிவிடும். அதனால் பவளம் செழிப்பாக இருப்பது மேல்மட்டத்தில்தான். பவளத்தைக் கணக்கெடுக்க, வேறு நாடுகளில் செய்வதுபோல் 10 மீட்டர் ஆழத்தில் அளவு நாடாவை விரித்தால் பெரும்பாலும் சேறுதான் கணக்கில் வரும். அதை வைத்து "பவளத்திட்டு அழிந்துவிட்டது" என்று அறிக்கை எழுதுவது பெரும் பிழை. திட்டின் விளிம்பில், 3, 4 மீட்டரில் பாருங்கள்.

அடுத்தது, அதிகம் பேர் சறுக்கும் இடம்: வெளிறிய பவளத்தைச் செத்த பவளமாக எண்ணுவது. நீர் வழக்கமான உச்ச வெப்பத்தைவிட 1 டிகிரி கூடுதலாகச் சில வாரங்கள் நீடித்தால், பவளம் தன் திசுவில் வாழும் நுண்பாசியை வெளியேற்றிவிடும். நிறம் போகும், ஆனால் உயிர் இருக்கும். கிட்டப் போய் டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளை எலும்புக்கூட்டின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய சதை பளபளக்கும். சில இனங்களில் நுண்கரங்கள் மெல்ல அசையும். செத்ததில் அந்தப் பளபளப்பு இருக்காது. சில நாளிலேயே பழுப்புப் பச்சையாகப் பாசி படரும். 2024 ஜூலையில் நம் பவளங்களில் ஏறத்தாழ 44 விழுக்காடு வெளிறின. இறந்தவை 10 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த ஜூலையில் மட்டும் போனவர் எல்லாம் போச்சு என்று எழுதியிருப்பார். டிசம்பரில் மட்டும் போனவர் எதுவும் நடக்கவில்லை என்றிருப்பார். அதே இடத்துக்கு, அதே குறியிட்ட பவளத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

புகைப்படமும் ஏமாற்றும். நம் நீரின் பச்சைச் சாயல் நல்ல பவளத்தையும் வெளிறியதாகக் காட்டிவிடும். பக்கத்தில் நிற அட்டையை வைத்துப் படமெடுங்கள். ஒவ்வொரு பவளத்திலும் மிகக் கருமையான இடம், மிக வெளிறிய இடம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, நடுவதற்கு வருவோம். வேகமாக வளர்கிறது என்பதற்காக ஒரே தாய்ப் பவளத்திலிருந்து துண்டு துண்டாக உடைத்து நடுவது எளிது. அத்தனையும் ஒரே மரபணு. வெப்பம் ஏறினால் மொத்தமும் ஒன்றாகச் சாயும். கிளைவிடும் பொசில்லோப்போரா சீக்கிரம் வெளிறும் வகை. மெதுவாக வளரும் மூளைப் பவளங்களையும் கலந்து நடுங்கள். தட்டையான துண்டைப் படுக்கையாக ஒட்டினால் அதன் குழியில் வண்டல் தேங்கி அடியிலிருந்து அழுகும். சற்றுச் சாய்த்து ஒட்டுங்கள், நீரோட்டமே வண்டலைக் கழுவிவிடும். நடுவதற்கு முன் பவளத் துண்டுகளை வளர்க்கும் நாற்றங்காலில் படரும் பாசியை யாராவது தொடர்ந்து சுரண்டி எடுக்க வேண்டும். திட்டத்தில் அந்த வேலைக்கு ஆளும் பணமும் ஒதுக்காதது வெகு சாதாரணமாக நடக்கும் தவறு. எத்தனை நட்டோம் என்பதைவிட இரண்டாண்டு கழித்து எத்தனை நிற்கின்றன என்பதை எழுதுங்கள். படம் எடுத்துப் போட முதல் எண் போதும், கடலுக்கு இரண்டாவது எண்தான் வேண்டும்.

பழைய பவள இனப் பட்டியலோடு ஒப்பிடுபவர்கள் அறிவியல் பெயர் மாற்றங்களைக் கவனிக்க வேண்டும். இந்தியப் பெருங்கடல், பசிபிக் பகுதிகளில் ஃபேவியா என்று அழைத்துவந்த பவளங்களை 2012இல் டிப்சாஸ்ட்ரியா என்று மாற்றினார்கள். இங்கே டாமிக்கார்னிஸ் என்று எழுதிவந்த பொசில்லோப்போரா இப்போது அக்யூட்டா. இது தெரியாமல் கணக்கிட்டால் ஓர் இனம் மறைந்து இன்னொன்று புதிதாய் முளைத்ததாக முடிவு வரும்.

நீர் வற்றும் நேரத்தில் திட்டில் நடப்பவர்கள் மணலில் மட்டும் கால் வையுங்கள். செத்த துண்டைக்கூட எடுக்காதீர்கள், அதிலும் உயிர்கள் குடியிருக்கும். மாதிரி எடுக்க அனுமதி கட்டாயம்.

கடைசியாக, பவளங்கள் முட்டையிடும் இரவு. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் (கிரேட் பேரியர் ரீஃப்) அது ஆண்டின் இறுதி மாதங்களில் நடக்கும். அந்தக் கணக்கைப் பார்த்து இங்கே படகு பேசினால் இருட்டைத்தான் பார்த்துத் திரும்புவீர்கள். இங்கே பெரும்பாலும் ஏப்ரல் பௌர்ணமிக்குப் பின் 3 முதல் 5ஆம் இரவுகளில். 2002இல்தான் இது முதலில் பதிவானது. பங்குனி உத்திரமோ சித்ரா பௌர்ணமியோ, எது ஏப்ரலில் விழுகிறது என்று நாட்காட்டியில் பார்த்துவிட்டு, அப்புறம் ஓத நேரத்தையும் சரிபார்த்துப் படகைப் பதிவு செய்யுங்கள்.