வாக்குச்சீட்டின் கடைசிப் பக்கம்: குபெர்டினோ பள்ளி வாரியத் தேர்தலில் முதன்முறை வாக்களிப்பது எப்படி?

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற பின், கலிஃபோர்னியாவின் குபெர்டினோவில் எனக்கு வந்த முதல் வாக்குச்சீட்டில் ஜனாதிபதிக்கான வட்டத்தை நிரப்பினேன். தெரிந்த பெயர்கள் தீர்ந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். அடுத்த பக்கத்தில் பள்ளி வாரிய வேட்பாளர்களின் பெயர்கள் இருந்தன. என் மகள் அப்போது மூன்றாம் வகுப்பு. எந்தத் தெருப் பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும், எந்தக் கணக்குப் புத்தகத்தை வாங்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்பவர்கள் அந்தப் பக்கத்தில்தான் இருந்தார்கள். அதை வெறுமையாக அனுப்பியது இன்றும் உறுத்துகிறது. இந்த ஆண்டு புதிதாக வாக்குரிமை பெறும் தமிழ்க் குடும்பங்கள் அப்படி விட்டுவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் கல்வி அலுவலர்களை அரசு நியமிக்கும். நாம் சட்டமன்றத்துக்கு வாக்களிப்பதோடு சரி. கலிஃபோர்னியாவில் பள்ளி மாவட்டத்தை (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளைக் கவனிக்கும் நிர்வாக அமைப்பு) நடத்தும் சூப்பரிண்டெண்டென்டை, அதாவது அதன் தலைமை நிர்வாகியை, நியமிப்பதும் நீக்குவதும் மக்கள் தேர்ந்தெடுக்கும் வாரியம்தான். ஆண்டு வரவு செலவுத் திட்டம், ஆசிரியர் சங்கத்துடனான ஒப்பந்தம், பள்ளி எல்லைகள் எல்லாம் அதன் வாக்கெடுப்பில்தான் நிறைவேறும். மாணவர் எண்ணிக்கை குறைந்து வந்த நிலையில், ரெக்னார்ட், மயர்ஹோல்ஸ் என்ற இரண்டு தொடக்கப் பள்ளிகளை மூடுவது என்று குபெர்டினோ யூனியன் பள்ளி மாவட்டம் 2021இல் முடிவெடுத்தது. அதை முடிவு செய்தது ஐந்து பேர் கொண்ட வாரியம்.

படி 1: உங்கள் வீடு எந்தப் பள்ளி மாவட்டத்தில் இருக்கிறது?

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். குபெர்டினோவில் பெரும்பாலும் ஒரே வீட்டுக்கு இரண்டு பள்ளி மாவட்டங்கள். எட்டாம் வகுப்பு வரை குபெர்டினோ யூனியன். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஃப்ரீமான்ட் யூனியன் உயர்நிலைப் பள்ளி மாவட்டம். இரண்டாவதன் பெயரைப் பார்த்து, சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் மறுகரையில் இருக்கும் ஃப்ரீமான்ட் நகரம் என்று எண்ணிவிட வேண்டாம். அந்த நகரத்துக்குத் தனிப் பள்ளி மாவட்டம் உண்டு. குபெர்டினோ, ஃப்ரீமான்ட், ஹோம்ஸ்டெட், லின்ப்ரூக், மான்டா விஸ்டா ஆகிய ஐந்து உயர்நிலைப் பள்ளிகளும் நம்முடைய ஃப்ரீமான்ட் யூனியனைச் சேர்ந்தவை.

முகவரியில் சான் ஹோசே என்றோ சன்னிவேல் என்றோ இருந்தாலும் நீங்கள் குபெர்டினோ யூனியனில் இருக்கலாம். ஊர் எல்லையும் பள்ளி மாவட்ட எல்லையும் ஒன்றல்ல. எனவே பக்கத்து வீட்டாரைக் கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட, சான்டா கிளாரா கவுண்டி வாக்காளர் பதிவாளர் இணையதளத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் வாக்குச்சீட்டில் என்னென்ன போட்டிகள் வரும் என்பதை அது காட்டிவிடும். ஃபுட்ஹில்–டி ஆன்ஸா சமுதாயக் கல்லூரி வாரியமும் கவுண்டி கல்வி வாரியமும்கூட அதே சீட்டில் வரலாம். நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: பதிவு

வாக்களிக்க அமெரிக்கக் குடிமகனாக, 18 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். அடுத்த பொதுத் தேர்தல் 2026 நவம்பர் 3. பதிவுக்கான வழக்கமான கடைசி நாள் தேர்தலுக்குப் பதினைந்து நாள் முன்பு, அதாவது அக்டோபர் 19. தவறவிட்டாலும் தேர்தல் நாள் வரை வாக்கு மையத்துக்கே நேரில் போய்ப் பதிந்து வாக்களிக்க முடியும்.

கிரீன் கார்டிலோ எச்1பி விசாவிலோ இருப்பவர்கள் தவறியும் பதிவு செய்யக் கூடாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது வாக்காளர் பதிவு பற்றிய கேள்வி வரும். அவசரத்தில் கையெழுத்திட்டுவிட வேண்டாம். பிற்காலத்தில் குடியுரிமை விண்ணப்பத்துக்கே அது இடையூறாகும். ஆனால் இந்த விஷயத்தில் உங்களுக்கும் பெரிய பங்கு உண்டு. அதைக் கடைசிப் படியில் சொல்கிறேன்.

படி 3: எத்தனை இடம், எத்தனை வாக்கு?

இரண்டு வாரியங்களிலும் ஐந்து உறுப்பினர்கள். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் நடப்பதில்லை. ஒரு தேர்தலில் சிலர், இரண்டு ஆண்டு கழித்து மற்றவர்கள். உதயசூரியனும் இல்லை, இரட்டை இலையும் இல்லை; கட்சிப் பெயரே அச்சாகாது. பெயர்களின் வரிசையும் குலுக்கல் முறையில் எடுத்த எழுத்து வரிசைப்படி அமைவது. முதலில் இருப்பவர் முக்கியமானவர் என்று பொருளில்லை.

மாவட்டம் முழுவதற்கும் பொதுவான போட்டியா, உங்கள் பகுதிக்கு மட்டுமான போட்டியா என்று பாருங்கள். 2001ஆம் ஆண்டின் கலிஃபோர்னியா வாக்குரிமைச் சட்டத்துக்குப் பின் பல பள்ளி மாவட்டங்கள் பகுதிவாரித் தேர்தலுக்கு மாறிவிட்டன. பொதுப் போட்டியில் ‘இருவருக்கு வாக்களிக்கவும்’ என்று இருந்தால், ஒருவருக்கு மட்டும் வாக்களிப்பது செல்லும். மூவரைக் குறித்தால் அந்தப் போட்டியில் உங்கள் வாக்கு முழுவதும் செல்லாது.

காலியிடங்களைவிட வேட்பாளர்கள் அதிகம் இல்லையென்றால் அந்தப் போட்டி வாக்குச்சீட்டிலேயே வராது; மனு செய்தவர்கள் அப்படியே பதவிக்கு வந்துவிடுவார்கள். வேட்புமனுவுக்கான காலம் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் 7 அன்று முடிகிறது. நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு இது தெரியவே வராது. நல்லவர் யாரையாவது நிற்கச் சொல்ல நினைத்தால் கோடை விடுமுறையிலேயே பேசுங்கள்.

படி 4: வேட்பாளரை அறிவது

இதற்கு ஒரு மாலைப் பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். அஞ்சல் பெட்டியில் வந்து குவியும் பளபளப்பான அட்டைகளை ஓரமாக வையுங்கள். எல்லா அட்டையிலும் குழந்தைகள் சிரித்துக்கொண்டிருப்பார்கள்; ‘மாணவர்களே முதன்மை’ என்றிருக்கும். அதற்கு எதிராக யாரும் நிற்கப்போவதில்லை.

முதலில் வாக்காளர் கையேட்டில் உள்ள வேட்பாளர் அறிக்கைகளைப் படியுங்கள். சுமார் 200 சொற்கள்தான். அறிக்கை இல்லாத வேட்பாளரை அக்கறையற்றவர் என்று தள்ளிவிடாதீர்கள்; அச்சிடும் செலவைப் பெரும்பாலும் வேட்பாளரே ஏற்க வேண்டியிருக்கும், அது சிறு தொகையல்ல. வாக்குச்சீட்டில் பெயருக்குக் கீழே வரும் தொழில் விவரம் அதிகபட்சம் மூன்று சொற்கள். ‘பெற்றோர்/பொறியாளர்’ என்ற அளவில் இருக்கும் அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஏற்கெனவே பதவியில் இருப்பவர் மீண்டும் நின்றால் வேலை எளிது. வாரியக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலும் குறிப்பும் மாவட்ட இணையதளத்தில் இருக்கும். கடந்த இரண்டு ஆண்டில் உங்களுக்கு முக்கியமாகப் பட்ட மூன்று முடிவுகளை எடுத்து, அவர் ஆம் என்றாரா இல்லை என்றாரா என்று பாருங்கள். முடிந்தால் அந்தக் கூட்டத்தின் காணொளியில் அவர் என்ன கேள்வி கேட்டார் என்றும் கேளுங்கள். பத்து அட்டைகளைவிட அந்த ஒரு கேள்வி அவரைக் காட்டிவிடும். ஆவணங்களைப் படித்துவிட்டு வந்தவர், படிக்காமல் வந்தவர் என்ற வேறுபாடு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது.

புதிய வேட்பாளரிடம் நான் கேட்பது பணத்தைப் பற்றித்தான். ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுக்கு இருமுறை இடைக்கால நிதி அறிக்கை தர வேண்டும். நடப்பு ஆண்டிலும் அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் கடமைகளைச் சமாளிக்க முடியும், முடியாமல் போகலாம், முடியாது என்ற மூன்றில் ஒன்றாக அதற்குச் சான்றளிக்க வேண்டும். “நம் மாவட்டத்தின் கடைசிச் சான்று என்ன? செலவைக் குறைக்க வேண்டி வந்தால் எதில் முதலில் கை வைப்பீர்கள்?” என்று மின்னஞ்சலில் கேளுங்கள். எல்லாம் தருவேன், எதையும் குறைக்க மாட்டேன் என்பவரை நான் நம்புவதில்லை. மாநிலப் பாடத் தரங்களையே மாற்றுவேன் என்பவரையும் அப்படித்தான். அது மாநிலக் கல்வி வாரியத்தின் கையில் இருப்பது.

யார் பணத்தில் பிரசாரம் நடக்கிறது என்பதும் தெரியும். 2,000 டாலரோ அதற்கு மேலோ திரட்டும் அல்லது செலவிடும் வேட்பாளர் படிவம் 460இல் கணக்குக் காட்ட வேண்டும். அது பொது ஆவணம், யாரும் பார்க்கலாம்.

நம்மவர் பெயராக இருக்கிறதே என்று மட்டும் வாக்களிக்காதீர்கள். தமிழ்ப் பெயரைப் பார்த்தால் மனம் குளிர்வது எனக்கும் உண்டு. அவரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள்.

படி 5: அதே சீட்டில் வரும் பள்ளி வரிகள்

சில ஆண்டுகளில் பள்ளிக் கடன் பத்திரமோ (bond) மனை வரியோ (parcel tax) வாக்கெடுப்புக்கு வரும். கட்டடங்களுக்கான கடன் பத்திரம் பொதுவாக 55 சதவீத ஆதரவில் நிறைவேறும். வாரியம் கொண்டுவரும் மனை வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். முதலாவது கட்டடங்களுக்கு மட்டும்தான், ஆசிரியர் சம்பளத்துக்கு அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படி 6: நிரப்புவது, கையெழுத்து, அனுப்புவது

கலிஃபோர்னியாவில் பதிவு செய்த வாக்காளர்களுக்கு வாக்குச்சீட்டு அக்டோபர் தொடக்கத்திலேயே வீட்டுக்கு வந்துவிடும். கறுப்பு அல்லது நீல மையில் வட்டத்தை முழுமையாக நிரப்புங்கள். உறையின் மேல் கையெழுத்திட மறக்காதீர்கள். பதிவில் உள்ள கையெழுத்தோடு அது ஒத்துப்பார்க்கப்படும். தமிழிலேயே கையெழுத்திட்டுப் பழகியவர்கள், பதிவின்போது எந்தக் கையெழுத்தைக் கொடுத்தீர்களோ அதையே இடுங்கள். தபால் செலவு இல்லை. கடைசி நாள் வரை வைத்திருந்தால் தபாலை நம்ப வேண்டாம். நூலகம் போன்ற இடங்களில் இருக்கும் அதிகாரபூர்வ வாக்குப் பெட்டியில் போடுங்கள்.

ஆங்கிலம் படிக்க இயலாத பெற்றோர் குடியுரிமை பெற்றிருந்தால், வாக்களிக்க உதவ தாங்கள் விரும்பும் ஒருவரை வைத்துக்கொள்ளலாம். முதலாளியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. உதவுபவர் படித்துக் காட்டலாம், தேர்வு அவர்களுடையது.

படி 7: வாக்குரிமை இல்லாதவர்கள் செய்யக்கூடியது

வாரியக் கூட்டத்தில் பேச வாக்குரிமை தேவையில்லை, குடியுரிமையும் தேவையில்லை. கலிஃபோர்னியாவின் பிரௌன் சட்டப்படி வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே வெளியிட வேண்டும். பொதுமக்கள் பேச இடம் தர வேண்டும். பல வாரியங்கள் ஒருவருக்கு மூன்று நிமிடம் தருகின்றன. மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசுபவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. பேரனைத் தினமும் பள்ளியில் விட்டு அழைத்து வரும் பாட்டி, தெருவைக் கடக்கும் இடத்தில் என்ன ஆபத்து என்று தமிழில் சொல்லலாம். பக்கத்தில் நின்று நீங்கள் ஆங்கிலத்தில் சொன்னால் போதும்.

நன்கொடையில் கவனம் தேவை. கிரீன் கார்டு உள்ளவர்கள் பிரசாரத்துக்குப் பணம் தரலாம். விசாவில் இருப்பவர்கள் தரக் கூடாது. ஊதியமின்றித் தொண்டராக வேலை செய்ய இருவருக்கும் தடையில்லை.

புதிய உறுப்பினர்களின் பதவிக்காலம் டிசம்பர் இரண்டாம் வெள்ளியன்று தொடங்குகிறது. இந்த ஆண்டு அது 11ஆம் தேதி. அதை அடுத்து நடக்கும் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் வந்ததும், நீங்கள் மின்னஞ்சலில் கேட்ட கேள்வியையும் வந்த பதிலையும் அச்செடுத்துக்கொண்டு போங்கள்.