லினக்ஸில் யூஎஸ்பி கீபோர்டு: டிரைவர் எந்தக் கட்டத்தில் ஏற வேண்டும்?

லினக்ஸில் சாதாரண யூஎஸ்பி கீபோர்டுக்கென்று டிரைவரைத் தேடி இறக்க வேண்டியதில்லை, லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு கூடவே அது வந்துவிடுகிறது. அப்படியும் கீபோர்டு செத்தது போலக் கிடந்தால், டிரைவர் தேவைப்பட்ட நேரத்தில் ஏறாமல் போனதுதான் பெரும்பாலும் காரணம். ஆகவே எதையும் நிறுவும் முன், கீபோர்டு எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது, எந்தக் கட்டத்தில் நின்றுபோகிறது என்று பாருங்கள்.

டிரைவர் என்று நாம் சொல்வது உண்மையில் மூன்று அடுக்கு. அடியில், போர்ட்டுகளை நடத்தும் யூஎஸ்பி கன்ட்ரோலருக்கான மாட்யூல் (கர்னலில் ஏற்றி இறக்கக்கூடிய துண்டு) இருக்கிறது. இன்றைய கணினிகளில் அது எக்ஸ்எச்சிஐ. அதன்மேல் கீபோர்டு, மவுஸ் போன்றவற்றை யூஎஸ்பி வழியே கையாளும் யூஎஸ்பிஹிட், அதற்கும் மேல் அவை அனுப்புவதைப் பொருள்கொள்ளும் பொது டிரைவரான ஹிட்-ஜெனரிக். ஒன்று விட்டாலும் எழுத்து வராது. பழைய கணினியில் இன்னொரு சிக்கல் உண்டு. பல கீபோர்டுகள் நொடிக்கு 1.5 மெகாபிட் வேகத்தில்தான் பேசும். யூஎஸ்பி 2.0-க்கான இஎச்சிஐ கன்ட்ரோலர் அந்த வேகத்தை நேரடியாகக் கையாளாது, துணைக் கன்ட்ரோலரிடம் தள்ளிவிடும். அதனால் அந்தக் கணினிகளில் யூஎச்சிஐ அல்லது ஓஎச்சிஐ மாட்யூலும் தேவைப்படலாம். பென்டிரைவ் ஓடுகிறது, கீபோர்டு மட்டும் ஓடவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

சோதிப்பதற்கு இன்னொரு வழியில் உள்ளே நுழைந்திருக்க வேண்டும்: வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச், பழைய பிஎஸ்/2 கீபோர்டு, திரைக் கீபோர்டு, எதுவானாலும் சரி. கர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜ் கட்டளையை, புதிய வரிகளைத் தொடர்ந்து காட்டும்படி ரூட் (நிர்வாகி) உரிமையோடு ஓடவிட்டு, கீபோர்டைக் கழற்றிச் செருகுங்கள். ஒரு வரிகூட வரவில்லையென்றால் போர்ட்டிலோ கேபிளிலோ கன்ட்ரோலர் மாட்யூலிலோ கோளாறு. டிஸ்கிரிப்டரை, அதாவது சாதனம் தன்னைப் பற்றிச் சொல்லும் தகவலை, படிக்க முடியவில்லை என்று -71 அல்லது -110 பிழை எண்ணோடு வந்தால், பெரும்பாலும் கேபிள், ஹப், மின்சாரம் இவற்றில்தான் குறை. ஹப்பை விட்டுவிட்டு நேராகக் கணினியின் போர்ட்டில் செருகிப் பாருங்கள். இந்த இடத்தில் டிரைவரை மாற்றுவது வீண் வேலை.

சாதனம் தெரிகிறது, எழுத்து மட்டும் வரவில்லை என்றால் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை மரவடிவில் காட்டச் சொல்லுங்கள். கீபோர்டின் வரியில் டிரைவர் என்ற இடத்துக்கு நேரே யூஎஸ்பிஹிட் என்று இருக்க வேண்டும். ஒரே கீபோர்டுக்கு இரண்டு மூன்று வரி வருவது இயல்பு, ஒலிக் கட்டுப்பாட்டு விசைகள் பெரும்பாலும் தனி இன்டர்ஃபேஸாக வரும். டிரைவர் இடம் காலியாக இருந்தால் மாட்யூல்களை ஏற்றும் மோட்ப்ரோப் கட்டளை மூலம் யூஎஸ்பிஹிட், ஹிட்-ஜெனரிக் இரண்டையும் ஏற்றுங்கள். ஏற்றப்பட்ட மாட்யூல்களின் பட்டியலில் ஒன்று இல்லை என்பதாலேயே அது இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். சில லினக்ஸ் விநியோகங்கள் (டிஸ்ட்ரோக்கள்) இவற்றைக் கர்னலுக்குள்ளேயே கட்டிவிடுகின்றன, அப்படிக் கட்டியவை அந்தப் பட்டியலில் வரா.

யூஎஸ்பிஹிட்டை இறக்கி மறுபடி ஏற்ற நேர்ந்தால், இரண்டு கட்டளைகளையும் ஒரே வரியில் அரைப்புள்ளி போட்டு எழுதுங்கள். இறக்கியதுமே யூஎஸ்பி கீபோர்டுகள் எல்லாம் நின்றுவிடும், இரண்டாவது கட்டளையைத் தட்ட வழியிருக்காது.

அடுத்ததுதான் அதிகம் பேரைத் திணறடிப்பது. பூட் மெனுவில் அம்புக்குறி விசைகள் வேலை செய்கின்றன. வட்டு என்கிரிப்ஷனுக்கான கடவுச்சொல் கேட்கும் திரையில் எதைத் தட்டினாலும் அசையவில்லை. பூட் மெனு வரை கீபோர்டை நடத்துவது மதர்போர்டின் ஃபர்ம்வேர். கர்னல் கன்ட்ரோலரைத் தன் கைக்கு எடுத்ததும் அந்த உதவி முடிந்துவிடும். அங்கிருந்து கர்னலின் சொந்த மாட்யூல்கள் வேண்டும். ஆனால் அவை இருக்கும் வட்டு இன்னும் பூட்டிக் கிடக்கிறது. ஆகவே வட்டு திறக்கும் முன்பே நினைவகத்தில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ் படிமத்துக்குள் அவை இருந்தே ஆக வேண்டும்.

அதைச் சேர்க்கும் முறை விநியோகத்துக்கு விநியோகம் மாறும். எதைத் தொடும் முன்பும் இப்போதுள்ள படிமத்தைப் பிரதி எடுத்து வையுங்கள். டெபியனிலும், இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸைப் பயன்படுத்தும் உபுண்டு பதிப்புகளிலும் எட்சி கோப்புறையின் இனிட்ராம்எஃப்எஸ்-டூல்ஸ் பகுதியில் மாட்யூல்ஸ் என்ற கோப்பு இருக்கும். எக்ஸ்எச்சிஐ-பிசிஐ, யூஎஸ்பிஹிட், ஹிட்-ஜெனரிக் என்று வரிக்கு ஒன்றாக எழுதி, அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையை இயக்குங்கள். ஃபெடோராவில் படிமத்தை உருவாக்கும் டிராகட்டின் அமைப்புக் கோப்பில் கூடுதல் டிரைவர் வரியில் இதே பெயர்களைச் சேர்க்க வேண்டும். மேற்கோள் குறிக்குள் தொடக்கத்திலும் முடிவிலும் ஓர் இடைவெளி கட்டாயம், இல்லாவிட்டால் பெயர்கள் முன்பின் உள்ளவற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஆர்ச்சில், படிமத்தில் எதைச் சேர்ப்பது என்று சொல்லும் ஹூக்குகளின் வரிசையில், கீபோர்டு ஹூக் ஆட்டோடிடெக்ட் ஹூக்குக்குப் பின்னால் இருந்தால், படிமம் உருவாகும் நேரத்தில் செருகியிருந்த கீபோர்டுக்கான மாட்யூல் மட்டும் உள்ளே போகும். பிறகு வேறு வகைக் கீபோர்டு வாங்கினால் அது அங்கே வேலை செய்யாது. கீபோர்டு ஹூக்கை முன்னால் நகர்த்தி, எம்கேஇனிட்சிபிஐஓ மூலம் படிமத்தை மறுபடி உருவாக்குங்கள். விசைகள் வேலை செய்தும் கடவுச்சொல் தவறு என்றே வந்தால், அந்தத் திரையில் வேறு விசை அமைப்பு நடப்பில் இருக்கலாம். அதற்கும் டிரைவருக்கும் தொடர்பில்லை, விசை அமைப்பையும் படிமத்தில் சேர்க்க வேண்டும்.

கர்னலைத் தாங்களே கட்டுவோர் இந்த மூன்று அடுக்கையும் மாட்யூலாக விடாமல் உள்ளேயே கட்டிவிடுவது நல்லது. யூஎஸ்பிகேபிடி என்றொரு எளிய டிரைவரும் கண்ணில் படும், அதைத் தொடாதீர்கள். அது பூட் புரோட்டோகால் என்ற மிக எளிய முறையை மட்டும் அறிந்தது. அதில் கீபோர்டு அனுப்பும் ஓர் அறிக்கை 8 பைட்: ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவற்றுக்கு 1, ஒதுக்கியது 1, மற்ற விசைகளுக்கு 6. சிறப்பு விசைகளுக்கு இடமே இல்லை.

எல்லாம் ஏறிய பிறகு விசை நிகழ்வுகளைக் காட்டும் எவ்டெஸ்ட் கட்டளை மூலம் கீபோர்டைத் தேர்ந்து விசைகளைத் தட்டுங்கள். அங்கே நிகழ்வுகள் ஓடுகின்றன, டெஸ்க்டாப்பில் எழுத்து வரவில்லை என்றால் டிரைவரை விட்டுவிட்டு டெஸ்க்டாப் அமைப்பைப் பாருங்கள்.

சற்று நேரம் சும்மா விட்டபின் முதல் எழுத்து மட்டும் விழுங்கப்பட்டால், ஏதோ ஒரு மின்சேமிப்பு மென்பொருள் கீபோர்டைத் தூங்க வைக்கிறது. சாதன விவரங்களைக் காட்டும் சிஸ் கோப்பு முறைமையில் அந்தச் சாதனத்துக்குரிய பவர் பகுதியில், கன்ட்ரோல் கோப்பின் மதிப்பு ஆட்டோ என்று இருக்கும், அதை ஆன் என்று மாற்றுங்கள். மறுதொடக்கத்துக்குப் பின்னும் நிலைக்க வேண்டுமானால் அந்த மென்பொருளின் விலக்குப் பட்டியலில் கீபோர்டைச் சேர்க்க வேண்டும்.

எஃப்1 முதல் எஃப்12 வரை ஒலி, ஒளி விசைகளாகவே வேலை செய்தால், கீபோர்டு தன்னை ஆப்பிள் சாதனம் என்று அறிவித்திருக்கலாம். மெக்கானிக்கல் கீபோர்டுகள் சிலவற்றில் இது உண்டு. அப்போது ஹிட்-ஆப்பிள் மாட்யூல்தான் அதை ஏற்கும். எஃப் விசைகளின் நடத்தையைத் தீர்மானிக்கும் அதன் எஃப்என்மோட் மதிப்பை 2 ஆக்கினால் சரியாகிவிடும். மோட்ப்ரோப் அமைப்புக் கோப்பில் எழுதிய கையோடு இனிட்ராம்எஃப்எஸ் படிமத்தையும் புதுப்பியுங்கள், மாட்யூல் அங்கிருந்தே ஏறினால் பழைய மதிப்பைத்தான் எடுத்துக்கொள்ளும்.