பிள்ளைக்கு 18 ஆகும் முன்: பெங்களூருத் தமிழ்க் குடும்பங்கள் முடித்து வைக்க வேண்டியவை

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் பெற்றோர் சட்டப்படி இயல்பான காப்பாளர் என்ற நிலை முடிந்துவிடுகிறது. கணக்கில் பணம் எடுப்பதில் தொடங்கி, பாட்டி எழுதி வைத்த பங்கை வாங்குவது வரை, "உங்களுக்கு என்ன அதிகாரம்?" என்று கேட்கலாம். அதற்கான காகிதங்கள் ஒன்றைப் பிடித்து ஒன்று வருபவை. 16 வயதிலேயே தொடங்கினால் அவசரமில்லாமல் முடியும்.

முதல் வேலை பெயர். தமிழர் வீட்டில் இதுதான் அதிகம் இழுத்தடிக்கும். பிறப்புச் சான்றிதழில் வெறும் "கார்த்திக்", ஆதாரில் "கார்த்திக் எஸ்", பள்ளி டி.சி.யில் "கார்த்திக் செல்வம்" என்று மூன்று ஆளாக இருப்பான். இங்குள்ள படிவங்கள் குடும்பப் பெயர் கேட்கும். இனிஷியலை எங்கே போடுவது என்று தெரியாமல் ஆளுக்கொரு மாதிரி தட்டியிருப்பார்கள். தலைப்பெழுத்தை விரித்து, அப்பா பெயரோடு ஒரே வடிவத்தை முடிவு செய்யுங்கள். பான் கார்டில் குடும்பப் பெயர் கட்டத்தில் வெறும் இனிஷியல் ஏற்கப்படாது என்பதால் விரித்த வடிவமே கடைசிவரை ஓடும். ஆதாரைத்தான் முதலில் திருத்த வேண்டும், மற்றவை அதைப் பார்த்தே வரும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்றலாம், ஆகவே எழுத்துக்கூட்டலை வீட்டிலேயே எழுதிப் பார்த்துவிட்டுப் போங்கள். 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகை, கண் பதிவுப் புதுப்பிப்பையும் அதே நடையில் முடிக்கலாம். விரலை நிலையாக வைக்க முடியாத பிள்ளைக்கு விலக்குப் பதிவு உண்டு. மையத்தில் நீங்களாகக் கேளுங்கள்.

அடுத்தது முகவரி. அல்சூரிலோ ஸ்ரீராமபுரத்திலோ இருபது வருடம் குடியிருந்தும் ஆதாரைத் திருப்பத்தூர், வேலூர் முகவரியிலேயே வைத்திருக்கும் குடும்பங்கள் பல. மாற்றுத்திறனாளி உதவித்தொகை, பஸ் பாஸ் போன்றவை மாநிலம் தருபவை. ஊர் முகவரியோடு கர்நாடகத்தில் கேட்டாலும் கிடைக்காது, இங்கே இருந்துகொண்டு ஊரிலும் வாங்க முடியாது. எந்த மாநிலம் என்று முடிவெடுத்த பிறகே யுடிஐடி கார்டுக்கு, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு, விண்ணப்பியுங்கள்.

யுடிஐடி விண்ணப்பம் மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில்: புகைப்படம், கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை, ஆதார், முகவரிச் சான்று. பழைய மருத்துவ அறிக்கைகளைக் கால வரிசையில் ஒரு ஃபைலில் வைத்திருங்கள். மருத்துவமனையில் ஊனத்தை மதிப்பிடும் நாளில்தான் பலர் தவறுகிறார்கள். அறிவுசார் குறைபாட்டில் ஊனச் சதவீதத்தைத் தீர்மானிப்பது வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவுகோல். அதில் மதிப்பெண் 55 முதல் 69 வரை என்றால் ஊனம் 50 சதவீதம், 36 முதல் 54 வரை என்றால் 75. பிள்ளை அன்றாடம் தானாகச் செய்வது என்னென்ன என்று உங்களைக் கேட்டுத்தான் அதை நிரப்புவார்கள். "தானே சாப்பிடுவானா?" என்றதும் பெருமையாக "சாப்பிடுவான்" என்று சொல்லிவிடுகிறோம். சாதத்தைப் பிசைந்து உருட்டித் தட்டில் வைப்பது அம்மா என்பதைச் சொல்வதில்லை. முந்தைய வாரமே குளியல், உடை, உணவு, கழிப்பறை, பணம், தெருவைக் கடப்பது என ஆறு தலைப்பில் நாம் எங்கே கை கொடுக்கிறோம் என்று எழுதிக்கொண்டு போங்கள். கூட்டியும் வேண்டாம், குறைத்தும் வேண்டாம். நேரடிச் சோதனை நடந்தால் பிள்ளைக்கு வீட்டில் தமிழ்தான் என்று முதலிலேயே சொல்லுங்கள். கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கேட்ட கேள்விக்கு அவன் விழித்தால் அது மொழிக் குறை, அறிவுக் குறை அல்ல.

40 சதவீதமாவது இருந்தால்தான் பெரும்பாலான சலுகைகள். பழைய வருமான வரிமுறையில் இருக்கும் பெற்றோருக்கு 40 முதல் 80க்குள் என்றால் 75,000 ரூபாய், 80 அல்லது அதற்கு மேல் என்றால் 1,25,000 ரூபாய் வரிக் கழிவு உண்டு. சிறுவயதில் வாங்கிய ஊனச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். 18 வயது மதிப்பீட்டில் கிடைப்பதே நிரந்தரம்.

இப்போது காப்பாளர் நியமனம். 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, மேலே சொன்ன மூன்றுக்கும் பல்வகை ஊனத்துக்கும் மட்டும் இந்த வழி. மாவட்ட அளவிலான குழு இதை விசாரிக்கும்: மாவட்ட ஆட்சியர் நிலை அதிகாரி ஒருவர், பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர். பெங்களூரு நகர மாவட்டத்துக்கு கெம்பே கௌடா சாலையிலுள்ள டி.சி. ஆபீஸ் (மாவட்ட ஆட்சியரை இங்கே டி.சி. என்பார்கள்). படிவம் ஏ-யில் பெற்றோர் இருவரும் சேர்ந்து கையெழுத்திடுவது நல்லது. ஒருவர் மட்டும் போட்டால் மற்றவர் ஏன் இல்லை என்ற கேள்வி எழும்.

ஒன்றை யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள். காப்பாளர் தேவையா, எதற்குத் தேவை என்று குழுவே பார்க்கச் சட்டம் சொல்கிறது. கணக்கு வழக்கில் உதவி போதும், மற்றபடி தன் விருப்பத்தைச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு எல்லா முடிவையும் இன்னொருவர் கையில் கொடுப்பது எங்கள் கணக்கில் தவறு. நியமனம் ஆன 6 மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்த 3 மாதத்துக்குள் வரவு செலவுக் கணக்கும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளை பெயரில் தனி வங்கிக் கணக்கு வைத்தால் பாஸ்புக்கே பாதிக் கணக்காகிவிடும்.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டை விடாதீர்கள். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, முன்கூட்டி மருத்துவப் பரிசோதனை கிடையாது, ஏற்கெனவே உள்ள நோய் என்று தள்ளவும் மாட்டார்கள். தெரபி செலவுக்கும் வரும், ஆனால் பணத்தைக் கட்டிவிட்டு பில் அனுப்ப வேண்டும். பில்லில் பிள்ளை பெயர், தேதி, முத்திரை மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். மார்ச் 31க்கு முன் புதுப்பிக்க வேண்டும். மத்திய அரசு வேலையில் இருந்தவர்கள், வாழ்நாள் குடும்ப ஓய்வூதியத்துக்குப் பிள்ளையின் பெயரைத் தாங்கள் உயிரோடு இருக்கும்போதே பதிந்துவைக்கலாம். பிறகு அண்ணன் தங்கைகள் அலைய வேண்டாம்.

வாக்காளர் பட்டியலிலும் பெயர் சேருங்கள். நீதிமன்றம் மனநலமற்றவர் என்று அறிவித்தாலொழிய ஓட்டுரிமை பறிபோகாது.

காகிதங்களுக்கு வெளியே செய்ய ஒரு வேலை: பிள்ளையைப் பற்றி ஒரு பக்கத் தாள். மருத்துவமனை, பகல் மையம், என்றாவது தங்கும் விடுதி எங்கேயும் முதல் நாளே தேவைப்படும். தமிழ், கன்னடம், ஆங்கிலம் மூன்றிலும் எழுதுங்கள். வலிப்பு மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை மணிக்கு. வலித்தால் எப்படித் தெரியும், காதைப் பொத்துவானா, கையைக் கடிப்பானா. எந்தச் சத்தம் ஆகாது. எதைக் கொடுத்தால் அடங்குவான். வீட்டுச் சொற்களை மறக்காதீர்கள். "மம்மு", "ஆய்", "உவ்வா" என்றால் என்ன என்று வேறு மொழி ஆயாவுக்கு எப்படித் தெரியும்? கீழே தேதி போட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள்.

புதிதாகச் சொல் பழக்குவதானால் இரண்டு மொழிக்கும் பொதுவானதைத் தேர்ந்தெடுங்கள். "உவ்வா"வுக்குப் பதில் "நோவு", குடிக்கக் கேட்க "நீரு". தமிழ் வீட்டிலும் புரியும், கன்னட வார்டிலும் புரியும்.