மஞ்சள் சிவக்கும், வாளி பாடும்: மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு முற்றத்துக் கைவேலைகள்

2022இல் சாமான் விலை எல்லாம் ஏறியபோது எங்கள் முன்பள்ளியில் முதலில் தீர்ந்துபோனது வர்ணப் பெட்டி. பெற்றோரிடம் வாங்கித் தரும்படி கேட்க எனக்கு மனம் வரவில்லை. காஸ் சிலிண்டருக்கு விடியவிடிய வரிசையில் நின்றுவிட்டு வருகிற தாயிடம் பெயின்ட் பெட்டி கேட்பதா? அடுத்த நாள் வீட்டிலிருந்து கொஞ்சம் மஞ்சள்தூள், ஒரு பீட்ரூட், ஒரு பிடி சிரட்டைக் கரி எடுத்துக்கொண்டு போனேன். வழியில் வேலியோரம் நின்ற செவ்வரத்தையிலும் நாலைந்து பூப் பறித்துக்கொண்டேன்.

எங்களுடையது படுவான்கரையில் ஒரு சின்ன முன்பள்ளி. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வயலும் குளமுமான பக்கம். இப்போது கடை வர்ணம் வாங்க முடிகிறது. ஆனாலும் பிள்ளைகள் கேட்பது சிரட்டைச் சாயத்தைத்தான். கடைப் பெட்டியில் சிவப்பு ஏற்கெனவே சிவப்பாக இருக்கிறது. சிரட்டையில் அது பிள்ளையின் கண்முன்னே சிவக்கிறது.

முன்பள்ளிக்குப் புதிதாகக் கற்பிக்க வந்த தங்கைமாருக்கும், வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டு "இன்றைக்கு என்ன செய்ய" என்று யோசிக்கிற தாய் தகப்பன்மாருக்கும் இதை எழுதுகிறேன். வரையத் தெரியாது என்று பயப்பட வேண்டாம். இதில் பெரியவர் வரைய வேண்டிய இடமே இல்லை.

முதலில் இடமும் சாமானும்

முற்றத்தில் காலை நிழல் விழுகிற இடத்தில் பழைய பன்பாய் ஒன்றை விரியுங்கள். பிள்ளைக்குப் பழைய சட்டை போட்டுவிடுங்கள். மஞ்சள் கறை லேசில் போகாது. கழுவிய சிரட்டை ஆறு, ஒரு வடி, பழைய துணித் துண்டு, எலுமிச்சம்பழம் ஒன்று, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி, இவ்வளவும் போதும். சிரட்டை ஆடாமல் இருக்க அடியில் கொஞ்சம் மண் குவித்து அதில் அழுத்தி வையுங்கள். காகிதத்துக்குக் கொப்பித் தாள் நல்லது, பிறிஸ்டல் போட் இன்னும் நல்லது. வழுவழுப்பான கலண்டர் தாளில் இந்தச் சாயம் ஊறாது.

இரண்டு விஷயத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பூ, இலை, விதை பொறுக்கப் பிள்ளையோடு நீங்களும் போங்கள். மஞ்சள் அலரியின் பூ, இலை, விதை எதையும் தொட விடாதீர்கள். அது நஞ்சு, விதை மிகவும் பொல்லாதது. கறுப்புப் பொட்டு வைத்த சிவப்புக் குன்றிமணியும் அப்படித்தான். எவ்வளவு அழகாக இருந்தாலும் கைவேலைக்கு வேண்டாம். இரண்டாவது, மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கச்சி பக்கத்தில் இருந்தால் வாய்க்குள் போகிற அளவிலான சின்னச் சாமான் ஒன்றும் பாயில் கிடக்கக் கூடாது.

சிரட்டைச் சாயம்

மஞ்சள்: அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளில் கால் கோப்பை சுடுதண்ணீரை நீங்கள் ஊற்றுங்கள். ஆறியதும் பிள்ளை கலக்கட்டும். மஞ்சள் இப்போது விலைகூடிய சாமான்தான். அரைத் தேக்கரண்டிக்கு மேல் போட்டாலும் நிறம் பெரிதாகக் கூடாது, அடியில்தான் படியும்.

இளஞ்சிவப்பு: பாதி பீட்ரூட்டை நீங்கள் துருவிக் கொடுங்கள். துணியில் வைத்துப் பிழிவது பிள்ளையின் வேலை. சின்னக் கைகளுக்குப் பலம் வருவதற்கு இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது. பென்சில் பிடிக்கச் சிரமப்படுகிற பிள்ளைக்கு நான் முதலில் கொடுப்பது பென்சிலை அல்ல, இந்தப் பீட்ரூட் துணியைத்தான். தாளில் காயும்போது நிறம் கொஞ்சம் மங்கும், வெயில் பட்டால் இன்னும் வெளிறும். பிள்ளை கவலைப்பட்டால் நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள்.

ஊதா: ஐந்து செவ்வரத்தைப் பூவின் இதழ்களைப் பிள்ளை கிள்ளிப் போட, நீங்கள் அரைக் கோப்பை கொதிதண்ணீர் ஊற்றி மூடிவையுங்கள். பத்து நிமிடத்தில் தண்ணீர் ஊதாவாகும், இதழ்கள் வெளுத்துப்போகும். அதை வடித்து மூன்று சிரட்டையில் பிரியுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் பிள்ளை எலுமிச்சம்புளி இரண்டு துளி விடட்டும், பளிச்சென்று சிவக்கும். மூன்றாவதில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் பச்சைக்குத் திரும்பும். ஒரே பூவில் மூன்று நிறம். புளியும் சோடாவும் எதிரெதிர்க் குணம் கொண்டவை. பூவின் சாயம் அந்தக் குணத்துக்கு ஏற்ப மாறுகிறது. நாலு வயதுப் பிள்ளைக்கு இந்த விளக்கம் தேவையில்லை. "இன்னும் ஒரு துளி விட்டால் என்ன ஆகும்?" என்று மட்டும் கேளுங்கள்.

வேலியில் பசளிக்கொடி படர்ந்திருந்தால் அதன் பழுத்த கறுப்புப் பழங்களை நசுக்கினால் கத்தரிப்பூ நிறத்தில் நல்ல மை கிடைக்கும். பச்சைக்குப் பொன்னாங்காணி, மண்ணிறத்துக்குக் கடும் பிளேன்டீ, கறுப்புக்குச் சிரட்டைக் கரி. கரியை நீங்களே இடித்துச் சலித்துத் தண்ணீரில் குழைத்துக் கொடுங்கள், தூள் மூச்சில் ஏறக் கூடாது.

சாயம் தண்ணியாக ஓடினால் சின்னப் பிள்ளைகள் சலித்துவிடுவார்கள். கோதுமை மா இரண்டு மேசைக்கரண்டியை அரைக் கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கோப்பை தண்ணீர் சேர்த்து, மெல்லிய நெருப்பில் விடாமல் கிண்டுங்கள். பளபளப்பு வந்ததும் இறக்கி ஆறவிட்டு, ஒவ்வொரு சிரட்டையிலும் ஒரு கரண்டி கலந்தால் விரலால் தொட்டுப் பூசுகிற பதம் வரும். மிச்சம் இருப்பதுதான் உங்கள் பசை. இந்தச் சாயங்கள் ஒரு நாளுக்கு மேல் நிற்காது, மறுநாள் புளித்து மணக்கும்.

சிவக்கும் தாள்

எங்கள் பிள்ளைகள் அதிகம் கேட்பது இதைத்தான், அதனால் படிப்படியாகச் சொல்கிறேன்.

1. முந்திய நாளே ஒரு தாள் முழுவதும் மஞ்சள் சாயத்தைப் பூசுங்கள். பிள்ளை உள்ளங்கையாலேயே பூசலாம். நிழலில் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் கோடு பரவிவிடும்.

2. அப்பச்சோடா ஒரு தேக்கரண்டியை அரைக் கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரையுங்கள். பார்வைக்கு வெறும் தண்ணீர்தான்.

3. ஒரு விரல் நீளத் தேங்காய்த் தும்பைக் கட்டாக நூலால் இறுக்கிக் கட்டினால் தூரிகை.

4. பிள்ளை அந்தத் தண்ணீரைத் தொட்டு மஞ்சள் தாளில் இழுக்கட்டும். இழுத்த இடம் செம்மண் நிறத்தில் சிவக்கும்.

5. அதன் மேல் எலுமிச்சம்புளி ஒரு துளி விட்டால் சிவப்பு மறைந்து மறுபடி மஞ்சளாகும்.

வெற்றிலைச் சுண்ணாம்பு இன்னும் நன்றாகச் சிவக்க வைக்கும், ஆரத்தி கரைக்கிற எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பெரிய கேடு. பிள்ளையின் கைக்கு அதை ஒருநாளும் கொடுக்காதீர்கள்.

முதல் தடவை இதைச் செய்தபோது ஒரு மகன் என் சேலையைப் பிடித்து, "இது எப்பிடி டீச்சர் சிவந்த?" என்று கேட்டான். பதில் சொல்ல வாய் திறந்தேன். அவன் காத்திருக்கவில்லை, அடுத்த கோட்டை இழுத்துவிட்டு "மறுகாவும் சிவக்குது" என்றான். அவனே தனக்குப் பதில் தேடிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து நான் வாயைத் திறக்க அவசரப்படுவதில்லை.

அச்சுக் குத்துவது சுலபம். வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ, வாழை இலைத் தண்டைக் குறுக்கே வெட்டினால் அறை அறையாகப் பிறை. சாயத்தில் தொட்டுத் தாளில் குத்தினால் சரி.

கச்சான் காற்றுக்கு ஓலைக் காற்றாடி

ஆனி ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது தாள் வேலை எதுவும் நடக்காது, எல்லாம் பறக்கும். அப்போது காற்றையே விளையாட்டாக்கிவிடுங்கள். தென்னோலை ஒன்றும், ஈர்க்கு ஒன்றும், மரத்தடியில் உதிர்ந்த குரும்பட்டி இரண்டும் வேண்டும்.

ஓலையிலிருந்து ஈர்க்கை உரித்துவிட்டு, ஒரு சாண் நீளத்துக்குப் பச்சை ஓலைத் துண்டு நறுக்குங்கள். இரண்டாக மடித்தால் நடு தெரியும். அங்கே ஈர்க்கு தளர்வாகப் போகும் அளவு துளை போடுங்கள். துளை இறுக்கமாக இருந்தால் சுற்றவே சுற்றாது. இனி முறுக்கு. ஓலையை இரு கையாலும் கிடையாகப் பிடித்து, இடக்கை முனையின் மேல் விளிம்பை உங்கள் பக்கமும், வலக்கை முனையின் மேல் விளிம்பை வெளிப்பக்கமும் சாய்த்து மெல்ல அழுத்துங்கள். இரண்டையும் ஒரே பக்கம் சாய்த்தால் காற்றாடி சும்மா நிற்கும். ஈர்க்கின் நுனியிலிருந்து சற்று உள்ளே ஒரு குரும்பட்டி, அடுத்து ஓலை, நுனியில் இன்னொரு குரும்பட்டி. பின்னாலுள்ளது ஓலை கைக்கு வராமல் தடுக்கும், முன்னாலுள்ளது கூர் நுனியை மூடும். ஈர்க்கின் கூர் நுனி முன் குரும்பட்டிக்கு வெளியே நீட்டக் கூடாது, பின்னால் மிஞ்சும் ஈர்க்குத்தான் கைப்பிடி.

வெட்டுவதும் துளைப்பதும் உங்கள் கை. முறுக்குவதும் கோர்ப்பதும் பிள்ளையின் கை. அது கோணலாக வந்தால் கோணலாகவே இருக்கட்டும். சுற்றவில்லை என்றால் பிள்ளையே திரும்பி வந்து முறுக்கை மாற்றிப் பார்க்கும்.

இதை நான் அறிந்தது ஒரு தவறிலிருந்து. தாளில் வாவி மீன் வடிவம் ஒன்றை வெட்டி, மருதமுனைக் கைத்தறிச் சாரத் துண்டுகளைச் செதிலாக ஒட்டிக்கொண்டிருந்தோம். ஒரு மகள் எல்லாச் செதிலையும் வாலில் மட்டுமே ஒட்டிக்கொண்டிருந்தாள். "இப்படி மகள்" என்று சொல்லி அவள் கையைப் பிடித்து உடம்பெல்லாம் ஒட்டிவிட்டேன். மீன் அழகாகத்தான் வந்தது. அவள் எழுந்து போய் மாமரத்தடியில் இருந்துகொண்டாள். வீட்டுக்குப் போகும்போது "உங்கட மீன்" என்று என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள். அந்த மீன் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

பாடும் வாளி

மட்டக்களப்பு வாவியின் மேலே போகிற கல்லடிப் பாலத்தை எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலமும், அதன் பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலமும். பூரணை இரவில் அந்தப் பக்கம் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நாலு வயதுப் பிள்ளையை இரவில் தோணியில் கொண்டுபோக முடியாது. வாளியைக் கொண்டுவரலாம்.

ஒரு வாளியில் முக்கால் பங்கு தண்ணீர் எடுங்கள். முழ நீளத்தில் வழுவழுப்பான தடி ஒன்று, முனை மழுங்கியிருக்க வேண்டும். தடியின் ஒரு முனை தண்ணீருக்குள். மறுமுனையைக் காதுக்குள் விடாமல், காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் மெல்லத் தொட வையுங்கள். தடியைப் பிடித்திருப்பது நீங்கள். இன்னொரு பிள்ளை தண்ணீருக்குள் கையை விட்டு இரண்டு கூழாங்கற்களை ஒன்றோடொன்று தட்டட்டும். தண்ணீரின் அதிர்வு தடி வழியாக ஏறி வரும். வெளியே கேட்பதற்கும் தடியில் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளையின் முகத்திலேயே பார்க்கலாம். கல்லுக்குப் பதில் கரண்டி, சிரட்டை என்று மாற்றிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு எது தட்டியது என்று சொல்வது ஐந்து வயதுக்காரருக்கு நல்ல விளையாட்டு.

அப்புறம் சிரட்டைச் சாயத்தை எடுத்து வைத்து, "கேட்டதை வரை" என்று சொல்லுங்கள். மீனை வரை என்று சொல்லாதீர்கள். ஒருவர் புள்ளி புள்ளியாக வைப்பார், ஒருவர் தாள் கிழியும்வரை வட்டம் போடுவார். "இது என்ன?" என்று கேட்டால் பிள்ளை ஏதாவது ஒரு பெயரைச் சொல்லித் தப்பிவிடும். "இதைப் பற்றிச் சொல்லு மகன்" என்றால் கதை வரும். அந்தக் கதையை, பிள்ளை சொன்ன சொல்லிலேயே, தாளின் மூலையில் திகதியோடு எழுதி வையுங்கள்.

வாளியில் தண்ணீர் இருக்கும்வரை பிள்ளையை விட்டு ஒரு நிமிடமும் நகராதீர்கள். முடிந்ததும் தண்ணீரைச் செவ்வரத்தைக்கு ஊற்றிவிட்டு வாளியைக் கவிழ்த்து வையுங்கள். சிரட்டைகளையும் கழுவிக் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும், மாரிக்கு நிமிர்ந்து கிடந்தால் டெங்கு நுளம்பு முட்டையிடும். கவிழ்க்கிற வேலையைப் பிள்ளைகளிடமே கொடுங்கள், எங்கள் பிள்ளைகள் அதை எண்ணிக்கொண்டே செய்கிறார்கள்.