புரூடரில் குஞ்சு சாகிறதா? முதலில் நாளை எண்ணுங்கள்

காலையில் இரண்டு, மறுநாள் மூன்று என்று புரூடரில் (பல்பு போட்டுச் சூடு கொடுத்துக் குஞ்சு வளர்க்கும் அடைப்பில்) கோழிக்குஞ்சுகள் செத்துக் கிடந்தால், பலரும் உடனே ஆன்டிபயாட்டிக் வாங்கித் தண்ணீரில் கலக்கிவிடுகிறார்கள். அதற்கு முன் ஒரு தாளில் மூன்றை எழுதுங்கள்: செத்த குஞ்சுக்கு எத்தனை நாள் வயது, செத்தது இரவிலா பகலிலா, எந்த இடத்தில் கிடந்தது. பெரும்பாலும் இந்த மூன்றிலேயே காரணம் பிடிபட்டுவிடும்.

பொரித்த முதல் மூன்று நாளில் செத்தால் தொப்புளைப் பாருங்கள். சிவந்து ஈரமாக இருந்து, வயிறு உப்பி, கெட்ட நாற்றம் அடித்தால் அது தொப்புள் அழற்சி. கிருமி இன்குபேட்டரிலேயே ஏறிவிட்டது. அழுக்கு முட்டை, கழுவாத தட்டு, அளவுக்கு மீறிய ஈரப்பதம் ஆகியவைதான் காரணம். நோய் வந்த குஞ்சைக் காப்பாற்றுவது கடினம். அடுத்த அடைக்குச் சுத்தமான முட்டையை மட்டும் வையுங்கள், இன்குபேட்டரை ஒவ்வொரு முறையும் கிருமிநாசினி போட்டுத் துடையுங்கள்.

நான்காம், ஐந்தாம் நாளில் சாவு கூடினால் அது பெரும்பாலும் பட்டினிச் சாவு. வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள் கரு ஏறக்குறைய மூன்று நாள் தாங்கும். அதற்குள் தின்னவும் குடிக்கவும் பழகாத குஞ்சு அதன் பிறகு விழும். ஏழாம் நாளுக்குள் அவை எல்லாம் செத்து முடிந்து, இறப்பு தானாக நின்றுவிடும். இடையில் கொடுத்த மருந்துதான் காப்பாற்றியது என்று நம்பி, அடுத்த தொகுதிக்கும் அதையே வாங்குவார்கள். தவறு அப்படியே இருக்கும், குஞ்சும் அப்படியே சாகும்.

இதைத் தடுக்க, குஞ்சு விட்ட 24 மணி நேரம் கழித்து 20 குஞ்சைப் பிடித்துக் கழுத்தடியில் உள்ள தீனிப்பையைத் தொட்டுப் பாருங்கள். 19 குஞ்சுக்காவது பை நிறைந்து, மென்மையாக இருக்க வேண்டும். கல்லாக இருந்தால் தீனி தின்றும் தண்ணீர் குடிக்கவில்லை. காலியாக இருந்தால் இரண்டும் எட்டவில்லை. விடும்போதே ஒவ்வொரு குஞ்சின் அலகையும் ஒரு முறை தண்ணீரில் நனையுங்கள். 50 குஞ்சுக்கு இரண்டு தண்ணீர் டப்பா வையுங்கள். டப்பாவின் தட்டில் கூழாங்கல் போட்டால் குஞ்சு மூழ்காது. தரையில் பரப்பிய உமியின் மேல் தாள் விரித்து, மக்காச்சோளக் குருணையைத் தூவுங்கள். வழவழப்பான தாளில் கால் விரிந்து குஞ்சு முடமாகும் என்பதால் சொரசொரப்பான அட்டையே நல்லது.

இரவில் செத்து, ஒரே இடத்தில் குவியலாக, உடல் தட்டையாகக் கிடந்தால் குளிர்தான். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் சாகின்றன. முதல் வாரம் குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி செல்சியஸ் வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். குஞ்சுக்கு 2 வாட் என்பது நம் ஊர்க் கணக்கு. 50 குஞ்சுக்கு ஒரே 100 வாட் பல்பு போடாமல் இரண்டு 60 வாட் குண்டு பல்பு போட்டால், ஒன்று ஃபியூஸ் ஆனாலும் மற்றது எரியும். எல்இடி பல்பு வெளிச்சம் தரும், குஞ்சு காயும் அளவுக்குச் சூடு தராது. கடையில் குண்டு பல்பு கிடைக்காமல் எல்இடி மாட்டிய புரூடர்களில் இந்தச் சாவு அதிகம் தெரிகிறது. அதிகபட்ச, குறைந்தபட்ச அளவைப் பதிந்துவைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று தொங்கவிடுங்கள். மாலை ஆறு மணிக்குப் பார்க்கும் அளவு, விடிகாலை மூன்று மணிக்கு உதவாது. புரூடரைச் சுற்றி அடைக்கும் தகட்டை வட்டமாக வளையுங்கள், மூலை இருந்தால் அங்கேதான் குவியும்.

மின்வெட்டுக்குக் கரி அடுப்பு வைப்பவர்கள், மூடிய அறையில் வைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடு குஞ்சையும் கொல்லும், அருகே தூங்கும் மனிதரையும் கொல்லும்.

பகலில், பல்பை விட்டு விலகி ஓரமாகச் சிறகு விரித்து வாய் திறந்து செத்தால் சூடு அதிகம். சித்திரை, வைகாசியில் பகலில் பல்பை அணைத்துவிடுங்கள். தண்ணீர் போதாமல் செத்த குஞ்சை அறுத்தால் சிறுநீரகம் வீங்கி, ஈரல், இதயத்தின் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை படிந்திருக்கும்.

முதல் வாரம் தாண்டி, கரகரப்புச் சத்தம் இல்லாமல் வாய் திறந்து மூச்சிழுத்தால் உமியை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடை அடித்தால் நுரையீரலில் ஊசித் தலை அளவு வெண்மஞ்சள் முடிச்சுகள் இருக்கும். இதற்குப் பலன் தரும் மருந்து இல்லை. முழு உமியையும் மாற்றுங்கள்.

மூன்று வாரம் தொடங்கி எச்சத்தில் ரத்தம் வந்து, இறகு சிலிர்த்து ஒடுங்கினால் ரத்தக் கழிச்சல். 20 சதவீத ஆம்ப்ரோலியம் மருந்துப் பொடியை லிட்டர் தண்ணீருக்கு 1.2 கிராம் வீதம் 5 நாள், பிறகு 0.3 கிராம் வீதம் ஒரு வாரம் கொடுங்கள். அந்த நாட்களில் பி-காம்ப்ளக்ஸ் டானிக்கை நிறுத்துங்கள், அதிலுள்ள தயமின் மருந்தை வலுவிழக்கச் செய்யும். ஈரமான உமியை அள்ளாமல் மருந்து மட்டும் கொடுத்தால் நோய் திரும்பும்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகினால் ராணிக்கெட் என்னும் வைரஸ் நோய் என்று சந்தேகியுங்கள். 7-ஆம் நாள் எஃப் ரகத் தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட்டீர்களா என்பதுதான் முதல் கேள்வி. நோய் வந்த பின் சிகிச்சை கிடையாது.

எண்ணிக்கை மட்டும் குறைந்து உடல் கிடைக்காவிட்டால் எலி, பாம்பு. கழுத்தில் கடித்த காயம் இருந்தாலும் எலியைத் தேடுங்கள்.

எதுவும் பொருந்தாவிட்டால், செத்து ஓரிரு மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று உடலை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, ஐஸ் பெட்டியில் வைத்து, மாவட்டக் கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு போங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசு கெட்டுச் சரியாகத் தெரியாது. சாகும் நிலையில் உள்ள குஞ்சு ஒன்றையும் உயிரோடு சேர்த்து எடுத்துப் போங்கள், மாதிரி அதில்தான் நன்றாகக் கிடைக்கும். பெரிய கோழிகளும் சேர்ந்து ஒரே நாளில் கொத்தாகச் செத்தால் அறுக்கவும் வேண்டாம், எடுத்துப் போகவும் வேண்டாம். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம், கால்நடை மருத்துவரை அங்கேயே வரச்சொல்லுங்கள்.