ரப்பர் விளைக்குக் கார்பன் பணமா? கையெழுத்துப் போடுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"உங்கள் மரங்கள் காற்றில் உள்ள கரியை உறிஞ்சுகின்றன. அதற்கு வெளிநாட்டுக் கம்பெனி ஆண்டுதோறும் பணம் தரும்." கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம், திருவட்டாறு, பேச்சிப்பாறை வட்டாரத்தில் ரப்பர் விளை (தோட்டம்) வைத்திருப்பவரிடம் யாராவது இப்படிச் சொன்னால், முதல் வாக்கியம் உண்மை. இரண்டாவதில்தான் வில்லங்கம்.

ஏற்கெனவே நிற்கும் மரத்துக்குப் பணம் வரும் என்று நம்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஒரு கார்பன் கிரெடிட் என்பது ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைக் குறைத்ததற்கோ, காற்றிலிருந்து அகற்றியதற்கோ தரப்படும் சான்று. அந்த ஒரு டன், கார்பன் பணம் இல்லாமல் இருந்திருந்தால் நடந்திருக்காது என்பதையும் காட்ட வேண்டும். இதைக் கூடுதல்தன்மை என்கிறார்கள். பால் வெட்டுவதற்காகப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நட்ட இருநூறு ரப்பர் மரம், கார்பன் சந்தையே இல்லாவிட்டாலும் அங்கே நின்றிருக்கும். அதற்குக் கிரெடிட் கிடையாது.

காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பார்த்தால் இது எளிதில் புரியும். 1997இல் உருவான கியோட்டோ ஒப்பந்தத்தின்படி, வளரும் நாடுகளின் உமிழ்வுக் குறைப்புக்குக் கிரெடிட் தரும் தூய்மை வளர்ச்சி முறையில் தமிழகக் காற்றாலைத் திட்டங்கள் பல பதிவு பெற்றன. பிறகு காற்றாலை தன் சொந்த லாபத்திலேயே ஓடத் தொடங்கியது. மின்கட்டமைப்பில் இணையும் பெரிய காற்றாலை, சூரியசக்தித் திட்டங்களை மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு வெளியே புதிதாகப் பதிவு செய்வதில்லை என்று கம்பெனிகள் தாமாக விரும்பிக் கிரெடிட் வாங்கும் தன்னார்வச் சந்தையின் பதிவு அமைப்புகளான வெர்ரா, கோல்டு ஸ்டாண்டர்டு ஆகியவை 2019இல் முடிவெடுத்தன. 2024 ஆகஸ்டில், தன்னார்வச் சந்தையின் தரத்தைக் கண்காணிக்கும் சர்வதேசக் குழு, புழக்கத்தில் இருந்த புதுப்பிக்கத்தக்க மின்சாரக் கணக்கீட்டு முறைகளுக்குத் தன் தரமுத்திரையைத் தர மறுத்தது. கூடுதல்தன்மையைப் போதிய அளவு சோதிக்கவில்லை என்பதே காரணம். அந்தக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் காற்றாலையின் நிலையே இதுவென்றால், நட்டு வளர்ந்துவிட்ட ரப்பருக்குப் பணம் கிடைக்கும் என்பவரிடம் நிதானமாகப் பேசுவது நல்லது.

புதிதாக நடப்போகும் மரம் என்றால் வழி இருக்கிறது. ஆனால் நடுவதற்கு முன்பே கார்பன் வருமானத்தைக் கணக்கில் எடுத்துத் திட்டமிட்டதற்கு ஆவணம் வேண்டும். இயற்கையாக வளர்ந்த காட்டை அழித்துவிட்டு அதே இடத்தில் கன்று நட்டாலும் பயனில்லை. பத்து ஆண்டுகளுக்குள் அப்படி அழித்த நிலத்தை வெர்ரா ஏற்பதில்லை.

அடுத்த தவறு, "அரசாங்கமே அங்கீகரித்த திட்டம்" என்ற சொல்லில் மயங்குவது. எந்த அரசாணை, எந்தச் சந்தை என்று கேளுங்கள். எரிசக்திப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டதை அடுத்து, 2023 ஜூனில் மத்திய மின்துறை கார்பன் கிரெடிட் வர்த்தகத் திட்டத்தை அறிவித்தது. எரிசக்தித் திறன் பணியகம் அதை நிர்வகிக்கிறது, நாட்டின் மின்கட்டமைப்பை இயக்கும் கிரிட் இந்தியா பதிவேட்டை வைத்திருக்கிறது, வர்த்தகத்தை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கண்காணிக்கிறது. சிமெண்ட், அலுமினியம் போன்ற ஆலைகளுக்கு அங்கே கட்டாய இலக்கு உண்டு. மற்றவர்கள் விரும்பினால் சேர்வதற்கான பிரிவு 2023 டிசம்பரில் வந்தது. அதற்காக 2025 மார்ச்சில் ஒப்புதல் பெற்ற எட்டு வழிமுறைகளில் அலையாத்திக் காடு வளர்ப்பு இருக்கிறது, ரப்பர் தோட்டம் இல்லை. 2023 அக்டோபரில் வந்த பசுமைக் கிரெடிட் திட்டம் முற்றிலும் வேறு. அது சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் வருவது, அதன் மரம் நடும் பிரிவு வனத்துறை அடையாளம் காட்டும் சீரழிந்த நிலத்துக்கானது. வெர்ரா போன்றவை தனியார் விதிகளால் இயங்குபவை. இந்த மூன்றையும் ஒரே துண்டறிக்கையில் கலந்து அச்சிட்டிருந்தால், எழுதியவருக்கே தெளிவில்லை, அல்லது உங்களுக்குத் தெளிவு வரக்கூடாது என்று நினைக்கிறார்.

அலையாத்தி என்றதும் மணக்குடிக் கழிமுகம் நினைவுக்கு வரலாம். அங்கே இப்போது நிற்கும் காட்டைக் காட்டி யாரும் கிரெடிட் கேட்க முடியாது. அலையாத்திக் காடுகள் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளின்படி ஏற்கெனவே பாதுகாக்கப்பட்டவை. புதிதாக நடுவது என்றாலும், அந்த நிலம் யாருடையது என்பதே முதல் கேள்வி.

நிலம் என்றால் நம் மாவட்டத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் நிலத்தை, மாவட்டக் குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ, மரம் வெட்டவோ முடியாது. அந்த நிலத்தின் மீது நீண்டகால ஒப்பந்தம் போடுமுன் வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது. காணி பழங்குடி மக்களின் குடியிருப்புகளை ஒட்டிய காட்டு நிலம் என்றால், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி கிராம சபையின் குரலும் அதில் இருக்கிறது. ஊர்த்தலைவர் ஒருவரின் கையெழுத்து போதாது.

கால அளவைப் படிக்காமல் விடுவது அடுத்த தவறு. ரப்பர் மரம் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் பால் குறைந்து தடிக்குப் போகும். கார்பன் திட்டமோ பல பத்தாண்டுகள் மரம் நிற்கும் என்ற உறுதியைக் கேட்கும். இடையில் மகளின் கல்யாணத்துக்கு வெட்டலாமா, பாகம் பிரித்தால் புதிய உரிமையாளரையும் ஒப்பந்தம் கட்டுமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது இங்கே எத்தனை ரப்பர் சாய்ந்தது என்பதை மறந்தவர்கள் இல்லை. இத்தகைய இழப்புக்காக வெர்ரா ஒவ்வொரு மரத் திட்டத்தின் கிரெடிட்டிலும் ஒரு பங்கைப் பொதுக் காப்புக் கணக்கில் பிடித்துவைக்கிறது. முகவரின் ஒப்பந்தம் அந்த இழப்பை விவசாயி தலையில் தனியாகக் கட்டுகிறதா என்று பாருங்கள்.

ஒரே நிலத்தை இரண்டு முகவர்களிடம் எழுதிக் கொடுப்பதும் நடக்கக்கூடியது. ஒரு டன்னை ஒரு முறைதான் விற்கலாம். இரண்டாவது பதிவு வெளிப்பட்டால் திட்டமே சிக்கலில் விழும், உடன் சேர்ந்த அண்டை வீட்டாரின் பங்கும் சேர்ந்து போகும்.

முன்பணமாகப் "பதிவுக் கட்டணம்" கேட்டால் திட்ட எண்ணைக் கேளுங்கள். வெர்ராவின் பதிவேடு எவரும் இணையத்தில் பார்க்கக்கூடியது. திட்ட ஆவணம் அங்கே இருக்கும், பதிவாகுமுன் முப்பது நாள் பொதுக் கருத்தும் கேட்பார்கள். எண் இல்லையென்றால் திட்டம் இன்னும் காகிதத்தில்கூட ஏறவில்லை. எண் இருந்தால், உங்கள் சர்வே எண் அதன் எல்லைக்குள் வருகிறதா, உங்கள் சதவீதம் விற்ற மொத்தத் தொகையிலா அல்லது சரிபார்ப்புச் செலவு, முகவர் கமிஷன் எல்லாம் போன மிச்சத்திலா என்ற இரண்டையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.