ராமநாதபுரம் கரை ஆய்வகங்களில் பிப்பெட், பியூரெட் அளவைச் சரிபார்ப்பது

மண்டபத்திலோ தொண்டியிலோ மொண்டு வந்த கடல்நீருக்கு சில்வர் நைட்ரேட் கொண்டு உப்புத்தன்மை பார்க்கும்போது, 10 மி.லி. பிப்பெட் (குறித்த அளவு நீரை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்) 9.95 மி.லி. மட்டுமே விட்டால் 35 (கிலோவுக்கு 35 கிராம் உப்பு) என்று வர வேண்டியது 34.8 என்று வரும். கரைசலை எத்தனை முறை புதிதாகத் தயாரித்தாலும் இந்தப் பிழை போகாது. பிப்பெட் விடும் நீரை எடை போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் சுத்தம். கடல்நீர் தொட்ட கண்ணாடியை உலர விட்டால் நுனியில் உப்புப் படியும், ஓட்டம் மெதுவாகும். வேலை முடிந்த கையோடு நல்ல தண்ணீரில் அலசிவிடுங்கள். காய்ச்சி வடித்த நீரை உள்ளே ஓடவிட்டால் அது சுவரில் ஒரே படலமாக இறங்க வேண்டும். துளித்துளியாக நின்றால் பிசுக்கு இருக்கிறது. சோப்புக் கரைசலில் ஊறவைத்து மறுபடி பாருங்கள். பிசுக்குள்ள பிப்பெட்டைச் சரிபார்ப்பது வீண்வேலை, ஒவ்வொரு முறையும் வேறு எடை காட்டும்.

நீரும் கண்ணாடியும் தராசு இருக்கும் அறையிலேயே இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். வராந்தாவில் இருந்த கேனை ஏசி அறைக்குக் கொண்டுவந்த உடனே தொடங்காதீர்கள். 0.1 மில்லிகிராம் வரை காட்டும் தராசு நல்லது. 10 மி.லி.க்கு மேல் என்றால் 1 மில்லிகிராம் தராசும் போதும். கச்சான் காற்று அடிக்கும் நாளில் ஜன்னலைச் சாத்துங்கள், மின்விசிறியையும் நிறுத்துங்கள்.

மூடியுடன் கூடிய காலியான சிறு குடுவையை எடை போடுங்கள். பிப்பெட்டைக் கோட்டுக்கு மேலே நிரப்பி, நுனியின் வெளிப்புறத்தைத் துடைத்து, நீரின் பிறைத்தளத்தின் (வளைந்த மேல்மட்டத்தின்) அடி கோட்டைத் தொடும்வரை இறக்குங்கள். கண் கோட்டுக்கு நேராக இருக்கட்டும். பிப்பெட் செங்குத்தாக, குடுவை சாய்வாக, நுனி குடுவையின் சுவரைத் தொட்டபடி நீர் தானாக இறங்கட்டும். பிப்பெட்டில் காத்திருப்பு விநாடி அச்சிட்டிருந்தால் அதைக் கடைப்பிடியுங்கள். கடைசித் துளியை ஊதக்கூடாது, ஊதுவதற்கென்று செய்த பிப்பெட்டாக இருந்தால் தவிர. உடனே மூடி எடை போடுங்கள், இந்த வெக்கையில் நீர் ஆவியாகும். ஐந்து முறை செய்து நீரின் எடைக்குச் சராசரி எடுங்கள்.

இங்கே பலரும் தவறுவது, ஒரு கிராம் நீர் ஒரு மி.லி. என்று எடுத்துக்கொள்வதில்தான். 30 டிகிரியில் மிகச் சரியான 10 மி.லி. நீர் தராசில் 9.946 கிராம்தான் காட்டும். எடையை நீரின் வெப்பநிலைக்குரிய காரணியால் பெருக்க வேண்டும்: 27 டிகிரிக்கு 1.0045, 28க்கு 1.0048, 29க்கு 1.0051, 30க்கு 1.0054, 31க்கு 1.0057, 32க்கு 1.0060. காற்றின் மிதப்புவிசையும் இதில் அடக்கம். சராசரி 9.936 கிராம், நீர் 30 டிகிரி என்றால் கன அளவு 9.990 மி.லி. எடையை மட்டும் பார்த்தவர் 0.064 குறைகிறது என்று நல்ல பிப்பெட்டை ஒதுக்கிவிடுவார். வெப்பமானியை நீரிலேயே வையுங்கள், அறைச் சுவரில் தொங்குவதை நம்ப வேண்டாம்.

துல்லியம் கூடிய ஏ வகுப்பு 10 மி.லி. பிப்பெட்டுக்கு 0.02, 25 மி.லி.க்கு 0.03, 50 மி.லி. பியூரெட்டுக்கு (அடியில் திறப்பு உள்ள, அளவுகோடுகள் இட்ட நீள்குழாய்) 0.05 மி.லி. வரை கூடலாம், குறையலாம். பி வகுப்புக்கு இதில் இரு மடங்கு. குறித்த அளவு எந்த வெப்பநிலைக்கு என்பது நம் நாட்டுக் கண்ணாடியில் 27°, வெளிநாட்டதில் 20° என்று பொறித்திருக்கும். போரோசிலிகேட் (சூட்டில் மிகக் குறைவாக விரியும் கண்ணாடி) என்றால் 10 மி.லி.யில் அந்த வேறுபாடு 0.0007 மி.லி.தான், கவலை வேண்டாம்.

பியூரெட்டில் முதலில் கசிவு பாருங்கள். பூஜ்யம் வரை நிரப்பி இருபது நிமிடம் விட்டால் மட்டம் இறங்கக்கூடாது. அடியில் உள்ள திறப்பைச் சட்டென்று திறந்து நுனியில் உள்ள காற்றுக்குமிழை வெளியேற்றுங்கள். பிறகு 10, 20, 30, 40, 50 என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்தே தொடங்கி எடை போடுங்கள். குறியை எட்டியபின் முப்பது விநாடி பொறுத்துப் படியுங்கள். பியூரெட்டின் நீள்குழாயில் நடுவில் விட்டம் மாறியிருக்கும், அதனால் 50இல் சரியாக இருக்கும் பியூரெட் 20இல் பிசகலாம்.

எல்லையைத் தாண்டிய பிப்பெட்டை உடைத்துப் போட வேண்டியதில்லை. கண்டறிந்த அளவை ஒரு சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டி, கணக்கில் 10க்குப் பதிலாக அந்த எண்ணைப் போடுங்கள். நுனி உடைந்ததற்கு மட்டும் இது பொருந்தாது.